நடுவில் ஓட்டை உள்ள நட்சத்திரம்

அந்த "டப்" சத்தம் கேட்டபோது நான் குளியலறையில் துணி அலசிக்கொண்டிருந்தேன். மேல்மாடிக்காரர் எதையோ போட்டு உடைத்துவிட்டார் என்று நினைத்து வாய்க்குள் திட்டினேன். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். யாரைத் திட்டுவது என்று தெரியாத நேரங்களில் மேல்மாடிக்காரரைத் திட்டிக்கொள்வேன். பிறகுதான் வீட்டில் ஏதோ குறைகிறது என்று உறைத்தது. இரவு பகல் என்றில்லாமல் இரைந்துகொண்டிருக்கும் ஒட்சிசன் மெஷினின் சத்தத்தைக் காணவில்லை. ரப்பர் கருகிய மணம் மட்டும் வந்தது.

சவர்க்காரக் கையோடு முன்னறைக்கு ஓடினேன். அக்கா பால்கனிக் கதவோரம் கதிரையில் இருந்தாள். மூக்கில் குழாய் இருந்தது, குழாயில் காற்று இல்லை. அவள் காலடியில் மெஷின் விளக்கணைந்து நின்றது.

"நான் ஒண்டும் செய்யேல்லை," என்றாள் நான் கேட்பதற்கு முன்பே. "பிளக்கைப் போட்டனான். அவ்வளவுதான்."

"பெட்டி எங்கை?"

"அறைக்குள்ள."

அந்த மெஷினைக் கனடாவில் இருக்கும் தம்பி அனுப்பியிருந்தான். அந்த நாட்டுக் கரண்டைப் போல இரண்டு மடங்கு வேகம் நம் நாட்டுக் கரண்டுக்கு. இடையில் ட்ரான்ஸ்ஃபோமர் என்ற இரும்புப் பெட்டியை வைத்துக் குறைத்துத்தான் கொடுக்க வேண்டும். வெள்ளவத்தையில் தமிழர் வீடுகளில் பாதிக்கு மேல் இப்படி ஒரு பெட்டி ஏதாவது ஒரு மேசைக்குக் கீழே கிடக்கும். அந்தப் பெட்டியோடு, பிளக்கின் கால்களை நம் சுவருக்கு ஏற்ற மாதிரி மாற்றும் சின்ன அடாப்டர் ஒன்றும் இருந்தது. அடாப்டரைப் போட்டால் எல்லாம் சரி என்பது அக்காவின் நினைப்பு. பிளக் சுவருக்குள் போனால் கரண்டும் பொருந்திவிட்டது என்று நம்புகிறவர்கள் எங்கள் சொந்தத்தில் இன்னும் பல பேர் இருக்கிறார்கள். ரைஸ் குக்கர், தலைமயிர் காயவைக்கிற மெஷின் என்று இப்படிக் கருக்கிய சாமான்களைச் சேர்த்தால் ஒரு கடையே போடலாம். ஆனால் அவையெல்லாம் இல்லாமல் மனிதர் உயிரோடு இருக்கலாம்.

இரண்டு மாடிக் கட்டடங்களுக்கு நடுவே கடல் ஒரு கீற்றாகத் தெரியும் அந்த இடத்தில் காலையில் கொஞ்ச நேரம் இருப்பது அக்காவுக்குப் பிடிக்கும். தினமும் நான்தான் பெட்டியைத் தூக்கி வந்து வைப்பேன். அன்று நான் துணி துவைக்கிறேன் என்று அவளே மெஷினைச் சில்லில் உருட்டி வந்துவிட்டாள். பெட்டி அவளால் தூக்கக்கூடியது அல்ல.

கட்டிலுக்குக் கீழிருந்து அவசரத்துக்கு வைத்திருந்த சின்ன சிலிண்டரை இழுத்து வந்து குழாயை மாற்றினேன். அதன் முள் பாதிக்குச் சற்று மேலே நின்றது. நிறைத்து வைக்க வேண்டும் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். அக்காவின் முகத்தில் நிறம் திரும்பியது. எனக்குத்தான் திரும்பவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அக்காவின் நெஞ்சைப் பழுதாக்கியது, ஊரே வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு திரிந்த அந்தக் காலத்து நோய்தான். அன்று அவளைத் தனியே ஏற்றிக்கொண்டு போனார்கள். என்னை லேன் முனைக்கு அப்பால் வர விடவில்லை. வாரக்கணக்காக முகம் தெரியாத ஆட்களுக்கு நடுவில், பக்கத்துக் கட்டில்கள் ஒவ்வொன்றாய்க் காலியாவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். திரும்பி வந்தவள் என்னிடம் கேட்டது ஒன்றைத்தான். "இனி என்னைத் தனிய ஏத்தாதை. ஏத்துறதெண்டா நீயும் பக்கத்தில ஏறு. இல்லாட்டி நான் இந்தக் கதிரையிலயே இருந்திடுறன்." நான் கையடித்துக் கொடுத்தேன்.

அதனால் முதலில் வேறு வழிகளைத் தேடினேன். அன்று போயா, பௌர்ணமி லீவு நாள். மெஷின் வாடகைக்குக் கொடுக்கிற இடத்தில் நாளைக் காலையில்தான் ஆள் வரும் என்று காவலாளி சொன்னார். சிலிண்டர் நிறைக்கிற இடத்தில் போனை எடுக்கவே ஆளில்லை. கடைசியில் பாமன்கடையில் இருக்கும், எங்கள் டிவியைத் திருத்துகிறவருக்கு அடித்தேன். மோட்டார் சைக்கிளில் விழுந்து காலில் பிளாஸ்டர் போட்டிருந்தார் மனிதர். ஆனாலும் ஓட்டோ பிடித்து, ஊன்றுகோலோடு வந்துவிட்டார். அவரை அன்று நான் ஒரு முறைகூடத் திட்டவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

மெஷினைச் சுற்றிப் பார்த்து, முகர்ந்தும் பார்த்தார். "மோட்டருக்குப் போயிருக்காது அக்கா. வாசல்ல நிக்கிற ஃபியூஸும் அதுக்குப் பக்கத்தில ஒரு சின்ன சாமானும்தான் எரிஞ்சிருக்கும். அது ரெண்டும் என்ர பையில கிடக்கு. திறந்தா கால் மணித்தியால வேலை."

"அப்ப திறவுங்கோவன்!"

"அதுதானே. இதைத் திறக்கிற ஸ்க்ரூட்ரைவர் என்னட்ட இல்லை."

டோர்ச்சை அடித்துக் காட்டினார். மெஷினின் முதுகில் ஆழமான குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் ஒரு ஸ்க்ரூ. அதன் தலையில் ஆறு முனை நட்சத்திரம் வெட்டியிருந்தது. நட்சத்திரத்தின் நடுவில் மொட்டு மாதிரி ஒரு இரும்புப் புள்ளி நின்றது. கண்ட கண்டவர்கள் திறக்கக் கூடாது என்று செய்து அனுப்புவதாம். சாதாரண நட்சத்திர முனை அந்தப் புள்ளியில் முட்டி நின்றுவிடும். முனையின் நடுவில் ஓட்டை இருக்க வேண்டும். அளவும் சரியாக இருக்க வேண்டும், ஒரு அளவு தப்பினால் ஸ்க்ரூ தலை வழுகிவிடும், பிறகு கடவுள் வந்தாலும் திறக்க முடியாது. அவர் சொல்லச் சொல்ல எனக்கு மெஷினைச் செய்தவர்கள் மேல் கோபம் ஏறியது. மூச்சு விடுகிற சாமானுக்கு என்ன களவு பயம்?

"கொட்டாஞ்சேனையில ஒரு முஸ்லிம் நானாட கடை இருக்கு," என்றார். "போன் திருத்துற ஆக்களுக்கு சாமான் விக்கிறவர். போயாவுக்கும் திறப்பார். உலகத்தில இருக்கிற எல்லா ஸ்க்ரூவுக்கும் அவரிட்ட பிட் இருக்கு. ஆனா அக்கா, சரியானதைப் பாத்து எடுக்கோணும். நான் இந்தக் காலோட ஏறி இறங்குறதுக்குள்ள பொழுது பட்டிடும். நீங்கதான் போகோணும்."

போனில் படமெடுத்துப் பார்த்தோம். குழிக்குள் இருட்டும் பளபளப்பும் மட்டும்தான் விழுந்தது. அளவு தெரியவில்லை. அப்போதுதான் என் தொழில் எனக்குக் கைகொடுத்தது. நான் ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக இருக்கிறேன். வாயின் மூலையில், வெளிச்சம் போகாத இடத்தில் ஒரு பல்லின் வடிவம் எப்படி இருக்கிறது என்று அறிய நாங்கள் படமெடுத்துக்கொண்டிருப்பதில்லை. அச்செடுப்போம். சாமிப் படத்துக்கு முன்னால் இருந்த மெழுகுதிரியில் கொஞ்சம் கிள்ளி, விரலில் உருட்டி இளக்கி, விளக்குமாற்று ஈர்க்கின் முனையில் ஒட்டினேன். தண்ணீரில் ஒரு தரம் தொட்டு, குழிக்குள் விட்டு அழுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நேராக வெளியே இழுத்தேன். முதல் இரண்டும் நசிந்து வந்தன. மூன்றாவது அழகாக வந்தது. குட்டி நட்சத்திரம், நடுவில் ஊசி குத்தியது போல் ஓட்டை. எனக்கு வேண்டிய முனையின் உருவம் அப்படியே அதுதான். ஈர்க்கில் குழியின் ஆழத்துக்கு நகத்தால் ஒரு கீறலும் போட்டேன். குழியின் அகலத்துக்குள் என் கைப்பையிலிருந்த ஒல்லிப் பேனா சிக்காமல் போய் வந்தது. அதற்கு மேல் தடித்த எதுவும் போகாது. முள்ளைப் பார்த்துக்கொள்ள டிவி திருத்துகிறவர் அக்காவோடு நின்றார்.

"முள் சிவப்புக்குப் போனா நான் அம்புலன்ஸுக்கு அடிப்பன்," என்று அக்காவிடம் சொன்னேன்.

"நீ அதுக்குள்ள வந்திடுவாய்," என்றாள். சொல்லிவிட்டுக் கடலைப் பார்த்தாள்.

போகிற வழியில் காலி வீதியில் திறந்திருந்த ஒரே ஹார்ட்வெயாரில் இறங்கிப் பார்த்தேன். அவர்களிடம் இருந்த செட்டில் நட்சத்திரம் இருந்தது, ஓட்டை இல்லை. "இது எல்லாத்துக்கும் போகும் மிஸ்," என்றான் கடைக்காரன், மெழுகைத் திரும்பியும் பார்க்காமல். எல்லாத்துக்கும் போகும் என்று சொல்லி விற்கிற எதையும் நம்பக் கூடாது. அவனிடம் இரண்டு சொல் சொல்லிவிட்டு வந்து ஓட்டோவில் ஏறினேன்.

ஓட்டோக்காரர் சிங்களவர், நடுத்தர வயது, பேச்சு குறைவு. போயா நாள் வீதி வெறிச்சோடிக் கிடந்தது. மற்ற நாளில் திட்டிக்கொண்டே போகிற சிக்னல் எல்லாவற்றையும் பறந்து தாண்டினார். மெழுகு வெயிலில் இளகிவிடுமோ என்று ஈர்க்கை ஒரு தண்ணீர்ப் போத்தலோடு சேர்த்துப் பிடித்திருந்தேன். எதிரே வந்த பஸ்ஸில் வெள்ளை உடுத்த ஆட்கள் பன்சலைக்குப் புத்தரைக் கும்பிடப் போனார்கள். எல்லோரும் சாவகாசமாக இருந்தார்கள். அவர்கள் எல்லோர் மேலும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

கொட்டாஞ்சேனையில் அந்தக் கடையைக் கண்டுபிடித்தபோது நானா ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். தொப்பி போட்டு, அத்தர் மணக்க, வெள்ளைச் சட்டையில் நின்றார். அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. போயா என்பது எல்லோருக்கும் நினைவிருந்தது. வெள்ளிக்கிழமை என்பது யாருக்கும் நினைவில்லை. கொழும்பில் லீவு நாள் வந்தால் கிழமையின் பெயர் அப்படியே மறைந்துவிடுகிறது. ஜும்மாவுக்கு அவர் கடையைப் பூட்டாமல் வேறு என்ன செய்வார்?

"நானா, ஒரு ஸ்க்ரூட்ரைவர் செட். அவசரம்."

"ஜும்மாக்கு நேரமாகிட்டு. தொழுதிட்டு வந்து தாறன் மிஸ். ஒரு மணித்தியாலம்."

"என்ர அக்காவுக்கு மூச்சு மெஷின் நிண்டு போச்சு. இதைத் திறந்தாத்தான் அவ மூச்சு விடுவா." சொல்லும்போது என் குரல் உடைந்தது. அதற்காக என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

அவர் மெழுகை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு கணம் எல்லாவற்றையும் மறந்து சிரித்துவிட்டார். "யாரு எடுத்த அச்சு? சோக்கா இருக்கு." பிறகு ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே போய், பின் தட்டிலிருந்து பெட்டி பெட்டியாக எடுத்து மேசையில் அடுக்கினார். "ஓட்டையுள்ளது இதுகள்ள எல்லாத்திலயும் இருக்கு. அளவ நீங்க ஒண்ணொண்டா ஒப்பிட்டுப் பாருங்க. ஒறையெல்லாம் பிரிங்க, பரவால்ல. நான் ஓடிட்டு ஓடி வாறன்."

முன்பின் தெரியாத ஒருத்தியைக் கடைக்குள் விட்டுவிட்டு அவர் வெளியே போனார். நன்றி சொல்லவும் நேரமில்லை. பின்னால் விளக்கு அணைந்தது. ஷட்டரும் கடகடவென்று முழுதாக இறங்கியது. வெளியே ஏதோ "கிளிக்" என்றது. நான் பெட்டிகளைப் பிரிப்பதில் இருந்தேன், அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போனின் டோர்ச்சைப் போட்டேன். இவ்வளவு விதமான முனைகள் உலகத்தில் இருக்கின்றன என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. மூன்று இதழ், ஐந்து இதழ், முக்கோணம், முட்டை வடிவம், இரண்டு கூர் மட்டும் உள்ளது, நடுவில் பிளந்தது. எங்கள் கிளினிக்கில் தட்டில் அடுக்கியிருக்கும் கருவிகளுக்கு நான் பழகியவள், ஆனால் அவை ஒவ்வொன்றும் எதற்கென்று தெரியும். இவை எதற்கென்று அவற்றைச் செய்தவனுக்குத்தான் வெளிச்சம். யாரோ ஒருவன் எதையோ இறுக்கிப் பூட்டி, இன்னொருவன் திறக்கக் கூடாதென்று நினைத்த நினைப்பெல்லாம் பெட்டி பெட்டியாகக் கிடந்தது.

முதலில் கை போனது பெரிய பெட்டிக்குத்தான். ஸிப் வைத்த தோல் உறை, உள்ளே நூற்றுக்கு மேல் முனைகள், காந்தம், கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் பிடி. ஓட்டையுள்ள நட்சத்திரங்களை வரிசையாக எடுத்து மெழுகோடு வைத்துப் பார்த்தேன். நாலாவது முனை மெழுகு நட்சத்திரத்தோடு விளிம்புக்கு விளிம்பு ஒத்து நின்றது. "அப்பாடா" என்று வாய்விட்டே சொன்னேன். பெட்டியை மூடிக் கைப்பைக்குள் வைத்தும் விட்டேன். ஷட்டரைப் பார்த்து இரண்டு அடி வைத்த பிறகுதான் பேனா நினைவுக்கு வந்தது.

திரும்பி வந்து முனையைப் பிடியில் மாட்டிப் பேனாவோடு சேர்த்துப் பிடித்தேன். முனை என் சுண்டுவிரல் நகத்தை விடக் கொஞ்சம்தான் நீளம். அதற்குப் பிறகு வருகிற பிடி பேனாவை விட இரண்டு மடங்கு தடிப்பு. குழிக்குள் போகாது. ஸ்க்ரூவைத் தொடவே மாட்டாது. அதை எடுத்துக்கொண்டு வெள்ளவத்தை வரை போயிருந்தால்? ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு இருந்து, மீதிப் பெட்டிகளைப் பிரிக்கத் தொடங்கினேன்.

எனக்கு வேண்டியது முனையோடு சேர்ந்து நீளமான, ஒல்லியான கழுத்து. பெரிய பெட்டிகளை எல்லாம் ஒதுக்கினேன். கடைசியில், அடியில் கிடந்த ஒரு சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பெட்டி. முனைகள் குறைவு, அழகும் இல்லை. ஆனால் பின்னல் ஊசி மாதிரி ஒரு நீட்டுக் கம்பி இருந்தது. முனையை அதன் நுனியில் மாட்டிப் பேனாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். பேனாவை விட மெல்லியது. ஈர்க்கின் கீறலுக்கு மேலேயும் நீண்டது. முனையும் மெழுகோடு ஒத்துப் போனது. இரண்டு முறை, மூன்று முறை பார்த்தேன். சரிதான்.

எழுந்து போய் ஷட்டரைத் தூக்கினேன். அசையவில்லை. இரண்டு கையாலும் தூக்கினேன். கீழே வெளிப்பக்கம் பூட்டு ஆடுகிற சத்தம் கேட்டது. அந்த "கிளிக்"குக்கு அப்போதுதான் எனக்கு அர்த்தம் தெரிந்தது. வெள்ளிக்கிழமைதோறும் செய்கிற வேலையை அவருடைய கை தானாகச் செய்திருக்கிறது. மெயின் சுவிட்சை அணைத்தது, ஷட்டரை இழுத்தது, பூட்டைப் போட்டது. உள்ளே ஆள் இருப்பதை மனம் நினைவு வைத்திருந்தது. கைக்கு யாரும் சொல்லவில்லை.

பில் புத்தகத்தின் மேல் கடை நம்பர் இருந்தது. அடித்தேன். மேசை லாச்சிக்குள்ளிருந்து மணி அடித்தது. பள்ளிவாசலுக்குப் போகிற மனிதர் போனைக் கடையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஷட்டரைக் கையால் அடித்தேன், காலால் உதைத்தேன். தெருவில் ஒரு சத்தமும் இல்லை. பாதிப் பேர் பன்சலையில், மீதிப் பேர் பள்ளியில்.

வீட்டுக்கு அடித்தேன். டிவி திருத்துகிறவர் எடுத்தார். "அக்கா, முள் நல்லா இறங்கிட்டுது. எங்கை நிக்கிறீங்கள்?"

"சாமான் கிடைச்சிட்டுது. அவவிட்ட குடுங்கோ."

அக்காவின் குரல் வந்தது. "நான்... நல்லாத்தான்... இருக்கிறன்." சொல்லுக்குச் சொல் இடைவெளி. பின்னால் அவரின் குரல் கேட்டது, போனில் படட்டும் என்றே உரக்கச் சொன்னார்: "அவ சிலிண்டர்த் திருகைக் குறைச்சுப் போட்டா. கூட்ட விடுறா இல்லை. இருக்கிற காத்து நீங்க வருமட்டும் காணோணுமாம்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. அந்த இருட்டுக் கடைக்குள் நின்று கத்தினேன். "உனக்கு விசரோடி? திருகைக் கூட்டு! இப்பவே கூட்டு!" மறுபக்கத்தில் மூச்சு மட்டும் கேட்டது. தரையில் இழுபடுகிற கதிரை மாதிரி ஒரு மூச்சு. போனில் பற்றரி சிவப்பு காட்டியது. டோர்ச்சை அணைத்தேன்.

கையில் சரியான ஸ்க்ரூட்ரைவர் இருந்தது. பத்து மைலும் இல்லாத தூரத்தில் அது வேண்டிய மெஷின் இருந்தது. நடுவில் ஒரு பூட்டு. நானா எப்போது வருவார் என்று தெரியாது. இப்போது அம்புலன்ஸுக்கு அடித்தால் அவர்கள் வருவார்கள், ஏற்றுவார்கள், நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். கையடித்துக் கொடுத்ததை மீறி, திரும்ப அதே மாதிரி, அவளைத் தனியே, நானே அனுப்பிவிட்டதாக ஆகும். அடிக்காவிட்டால் அவள் அந்தக் கதிரையில் என்னை எதிர்பார்த்துக்கொண்டே, திருகைக் குறைத்துக் குறைத்து, முடிந்துபோவாள். என்னை நம்பியே சாவாள். வாழ்க்கையில் நான் எதையும் முடிவெடுக்க நேரம் எடுப்பதில்லை. அன்று அந்த இருட்டில் நின்ற நேரம்தான் நீண்டது.

அம்புலன்ஸுக்கு அடித்தேன். சிங்களத்தில் விலாசம் சொன்னேன், லேன் சொன்னேன், மாடி சொன்னேன். அக்காவின் வயதைச் சொல்லும்போது தடுமாறினேன். "நோயாளியோடு யார் வருவது?" என்று கேட்டார்கள். நான் விலாசத்தையே திரும்பவும் சொன்னேன். பிறகு டிவி திருத்துகிறவருக்கு அடித்து விஷயத்தை மட்டும் சொன்னேன். அக்காவிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை. நீங்களே சொல்லுங்கோ என்றேன்.

அப்போது வெளியே ஓட்டோ நிற்கும் சத்தம். என்னை இறக்கிவிட்டுச் சாப்பிடப் போயிருந்த ஓட்டோக்காரர் திரும்பி வந்திருக்கிறார். கதவைத் திறக்கச் சொல்லி ஷட்டரைக் குத்தினேன். "தொர அரின்ன! தொர அரின்ன!"

அவர் பூட்டை ஆட்டிப் பார்ப்பது கேட்டது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "யத்துர நே நே," என்றார் அமைதியாக. பூட்டின் திறப்பு தன்னிடம் இல்லையே என்று எனக்கே சொல்கிறார்! வேறு நாளென்றால் அந்த மனிதர் என் வாயில் விழுந்திருப்பார். பள்ளியைச் சொன்னேன், தொப்பியைச் சொன்னேன், அக்காவைச் சொன்னேன். அக்கா என்றதும் ஓட்டோ பறந்தது.

தொழுகை நடக்கும்போது யாரையும் கூப்பிட முடியாது. அவர் பள்ளி வாசலில் செருப்புகளுக்கு நடுவில் நின்று, முடிந்து வெளியே வந்த ஒவ்வொருவரிடமும் கடைப் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். நானா ஓட்டோவில்தான் வந்தார். குனிந்து பூட்டைத் திறந்தார். "யா அல்லாஹ், நான் என்ன செஞ்சிட்டன், என்ன செஞ்சிட்டன்," என்றார். அவரைத் திட்ட என்று சேர்த்து வைத்திருந்த அத்தனையும் எங்கோ போய்விட்டது. "சரி நானா, நான் போகோணும்," என்று மட்டும் சொன்னேன். பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினேன். காசு என்ற பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அடுத்த கிழமை போய்க் கொடுத்தேன்.

வழியில் என் போன் செத்துப் போனது. முன்னால் இருந்த கண்ணாடியில் ஓட்டோக்காரர் என்னை ஒருமுறை பார்த்தார், பிறகு பார்க்கவில்லை. அம்புலன்ஸ் இதற்குள் போயிருக்கும் என்றே நினைத்தேன். நேரே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லலாமா என்று யோசித்தேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காமலே விட்டிருந்தேன். அதனால் வெள்ளவத்தைக்கே போனோம். அவள் முகம் எப்படி இருந்திருக்கும், தூக்கும்போது என்னைக் கேட்டிருப்பாளா, என்னைத் திட்டியிருப்பாளா என்று நினைத்து நினைத்து அழுதேன். திட்டியிருந்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

அந்தக் கம்பியும் முனையும் சரியாகத்தான் இருந்தன. டிவி திருத்துகிறவர் பின்னேரமே மெஷினைத் திறந்து, எரிந்த இரண்டு சாமானையும் மாற்றி, பெட்டியோடு சேர்த்துப் போட்டு ஓடவிட்டார். அக்காவும் சில நாளில் அதனிடமே திரும்பி வந்தாள். இப்போதும் அடுத்த அறையில் அது இரைந்துகொண்டிருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் இது எதுவும் எனக்குத் தெரியாது.

எங்கள் லேன் முனையில் திரும்பியபோது அம்புலன்ஸ் அங்கேயே நின்றது. பின் கதவு திறந்திருந்தது. கதவுக்கு வெளியே டிவி திருத்துகிறவர் ஊன்றுகோலில் சாய்ந்தபடி நின்றார். அம்புலன்ஸோடு வந்த தம்பிமார் இருவரும் சிங்களத்தில் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். உள்ளே தூக்குக் கட்டிலில் அக்கா. முகத்தில் மாஸ்க். ஒரு கை வெளியே நீண்டு கதவின் கைபிடிக் கம்பியைப் பிடித்திருந்தது. தண்ணீர்ச் செம்பை இரண்டு கையாலும் தூக்குகிறவள், வளர்ந்த இரண்டு ஆண்களை அந்தக் கதவைச் சாத்த விடவில்லை.

"நங்கி எனவா," என்று மாஸ்குக்குள்ளிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். தங்கச்சி வருவாள். அவளுக்குத் தெரிந்த சிங்களம் அவ்வளவுதான். அதையே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறாள்.

பெட்டியை டிவி திருத்துகிறவரின் கையில் திணித்துவிட்டு ஏறினேன். அவள் என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. கையையும் எடுக்கவில்லை.

"அக்கா, நான் ஏறிட்டன். விடு."

தலையை ஆட்டினாள். ஆனால் விரல்கள் திறக்கவில்லை. பிடித்த பிடியில் மரத்துப்போய், அவள் விடச் சொல்லியும் அவை கேட்கவில்லை. நான் முழங்காலிட்டு, ஒவ்வொரு விரலாக அந்தக் கம்பியிலிருந்து கழற்றி எடுத்தேன். குளிர்ந்து போயிருந்தன. கடைசி விரல் விடுபட்டதும் அவை அப்படியே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டன. அம்புலன்ஸ் தம்பி ஒருவன் கதவைச் சாத்தினான்.